பெரிய மீனுக்குக் காத்திருந்த நாரை

வற்றிக்கொண்டிருந்த ஓர் ஏரி. அதன் நடுவில் ஒரு கருவேல மரம். அந்த மரத்தில் நெட்டையன் என்ற நாரையும் அவன் மனைவி அல்லியும் கூடு கட்டியிருந்தார்கள். கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன.

நாரைகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முட்டையின் மேல் ஒருவர் உட்கார்ந்தால், மற்றவர் வந்து மாற்றிவிடும் வரை எழுந்திருக்கக் கூடாது. வெயில் அடித்தாலும் சரி, வயிறு ஒட்டிப்போனாலும் சரி. எழுந்தால் முட்டை வெயிலில் வெந்துவிடும், அல்லது காக்கை கொத்திவிடும்.

இப்போது அல்லியின் முறை. ஏரியிலோ மரத்தைச் சுற்றிச் சேறும், தூரத்தில் ஒரு குட்டையும்தான் மிச்சம். குட்டையோ நாரையின் காலுக்கு எட்டாத ஆழம். நெட்டையன் காலையிலிருந்து சேற்றைக் கிளறியும் ஒரு நத்தைகூடச் சிக்கவில்லை.

"அல்லி, நான் கடலோரப் பட்டணத்துக்குப் போயிட்டு வர்றேன். அங்கே மார்க்கெட்ல மீனைக் குவியல் குவியலாக் கொட்டி வெச்சிருப்பாங்களாம்!"

"எது கிடைச்சாலும் சரி, சீக்கிரம் வந்துடுங்க. கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்றாள் அல்லி.

பக்கத்துக் கிளையிலிருந்த கூழைக்கடா தன் அலகுப் பையை ஆட்டிச் சிரித்தது. "ஒரு அயிரை மீனுக்கு வழியில்லை. இவரு பட்டணம் போய்க் கொண்டுவந்து கொட்டப்போறாராம்!"

அந்தச் சிரிப்பு நெட்டையனுக்குச் சுருக்கென்றது. பட்டணம் போய்ச் சேரும் வரை அது அவன் காதிலேயே இருந்தது.

மீன் மார்க்கெட்டைப் பார்த்ததும் அவனுக்குத் தலை சுற்றியது. எத்தனை மீன்! ஐஸ்கட்டி மேல் வவ்வால் மீன், கூடையில் நெத்திலி, சாக்கில் மத்தி! நெட்டையன் ஒரு குவியலின் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றான். மூச்சுக்கூட விடவில்லை. மீன் தானாக அருகே நீந்தி வரும் என்று காத்திருந்தான். ஏரியில் அப்படித்தானே பழக்கம்!

"இன்னாபா, செத்த மீனாண்ட பொறுமை காட்டிக்கினு நிக்கிற?" என்றது ஒரு கொழுத்த கடுவன் பூனை.

மீன் வெட்டிக்கொண்டிருந்த கடைக்காரி தேசம்மா நிமிர்ந்து பார்த்தாள். "யம்மாடி! இன்னா ஒசரம் பாரு இந்தக் கொக்கு! இந்தா, துன்னு!" என்று ஒரு மத்தியை வீசினாள்.

நெட்டையன் அதைக் கவ்வினான். அல்லிக்கு இது போதும் என்று நினைத்து இறக்கையை விரித்தான்.

அப்போதுதான் கடுவன் ஒன்றைக் கவனித்தது. தினமும் மீன்குடலைத் தனக்கு முந்திக் கொத்திப்போகும் காக்கைகள் எல்லாம் இன்று கூரையிலேயே உட்கார்ந்திருந்தன. நாரையின் நீள அலகைப் பார்த்து ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. இவனை விடக்கூடாது என்று கடுவன் முடிவு செய்தது.

"இந்தப் பொடி மீனை எடுத்துக்கினா ஊட்டுக்குப் போற? நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?" என்றது. "ஞாயித்துக்கிழமை பெரிய பெரிய வஞ்சிரம் மீனு வரும். தலையையும் வாலையும் தேசம்மா அப்படியே வீசிடும். அத்தக் கொண்டுபோ! ஊரே வாயப் பொளக்கும்!"

நெட்டையனுக்குக் கூழைக்கடாவின் முகம் நினைவுக்கு வந்தது. வஞ்சிரத்தைக் கண்டால் அதன் சிரிப்பு எங்கே போகும்! அவன் இறக்கையை மடக்கினான். அல்லிக்கென்று கவ்விய மத்தியைத் தானே விழுங்கினான்.

பாவி!

ஞாயிறு வந்தது. வஞ்சிரமும் வந்தது. ஆனால் ஓட்டல்காரர் ஒருவர் அதைத் தலையோடு, வாலோடு முழுசாக வாங்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

"அதனால இன்னா? அடுத்த ஞாயிறு இல்லாமலா போயிடும்?" என்றது கடுவன்.

நெட்டையன் தங்கிவிட்டான். தேசம்மா வீசிய மத்தியைத் தின்று தின்று கழுத்து பருத்தது. அவன் அல்லியை மறந்துவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் நினைத்தான். நினைத்து என்ன பயன்? நினைப்பைத் தின்று யாருக்காவது பசி அடங்கியிருக்கிறதா?

ஒரு சனிக்கிழமை காலை, மார்க்கெட்டுக்கு ஏரி மீன் வந்தது. தொட்டியில் விரால்களை உயிரோடு விட்டிருந்தார்கள். அதில் ஒரு கிழ விரால் தலையைத் தூக்கியது.

"நெட்டையா, நீயா?"

"என்னை எப்படித் தெரியும்?"

"எத்தனை தடவை உன் அலகுக்குத் தப்பியிருக்கேன்! உன்னைத் தெரியாமலா? கடைசிக் குட்டையையும் மோட்டார் வெச்சு எறைச்சு எங்களை அள்ளிட்டாங்க."

நெட்டையன் தொட்டியின் மேல் குனிந்தான். "அல்லி?"

"உட்கார்ந்துக்கிட்டுத்தான் இருக்கா. மோட்டார் சத்தத்துக்கு எல்லாப் பறவையும் போயிடுச்சு. போகும்போது கூழைக்கடாகூட அவளைக் கூப்பிட்டுது. 'அவர் வந்துடுவாரு'ன்னுட்டா."

நெட்டையன் ஏரி இருந்த திசையைப் பார்த்தான்.

"என் குஞ்சுங்க அந்தச் சேத்துல கெடந்து துடிக்குதுங்க" என்றது விரால். "நான் தொட்டியில கெடக்கேன், போக முடியாது. உனக்கு இறக்கை இருக்கே! நீ ஏன்டா இங்கே நிக்கிறே?"

அதற்குள் ஒரு கை விராலைத் தூக்கித் தராசில் போட்டது.

நெட்டையன் தேசம்மாவின் காலடியில் கிடந்த ஒரு மத்தியைக் கவ்விக்கொண்டு பறந்தான். "யோவ், நாளைக்கு ஞாயிறுபா!" என்று கடுவன் கத்தியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மரத்தைச் சுற்றி ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. மரத்தில் மற்ற கூடுகளெல்லாம் காலி. ஒரே ஒரு கூட்டில் மட்டும் அல்லி இருந்தாள். எலும்பும் இறகுமாக இருந்தாள். சிறகைக் குடைபோல விரித்து முட்டைகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் மத்தியை அவள் முன்னே கிளையில் வைத்தான். அல்லி அதையே பார்த்தாள்.

"இவ்வளவு போதுமேங்க. இதை அன்னிக்கே கொண்டு வந்திருக்கலாமே" என்றாள்.

"சாப்பிடு, அல்லி! முதல்ல சாப்பிடு!"

"முட்டை சூடாயிடும். நீங்க முதல்ல உட்காருங்க. நான் அப்புறம் சாப்பிடறேன்."

அவள் நகர்ந்தாள். அவன் உட்கார்ந்தான். முட்டைகளுக்குள் உயிர் இருந்தது. லேசாக ஒரு துடிப்பு அவன் வயிற்றில் பட்டது. அல்லி மீனை எட்டக் கழுத்தை நீட்டினாள். இத்தனை நாள் மடங்கியே கிடந்த கால்கள் நிற்கவில்லை. சிறகும் விரியவில்லை. கிளையிலிருந்து நழுவி, வெடித்த மண்ணில் விழுந்தாள்.

"அல்லி! அல்லி!"

அவளிடம் அசைவே இல்லை. எழுந்து ஓடத்தான் துடித்தான். மேலே வெயில் கொளுத்தியது. எதிர்க்கிளையில் இரண்டு காக்கைகள் வந்து உட்கார்ந்தன. அவனால் எழுந்திருக்க முடியவில்லை. கீழே கிடந்தவளைப் பார்த்தபடியே சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டான். அவனை மாற்றிவிட இனி யாரும் வரப்போவதில்லை.

நீதி: பசியோடு காத்திருப்பவருக்குக் கையில் கிடைத்த சின்ன மீனை இன்றே கொண்டு சேர்த்துவிடு; பெருமைக்காகப் பெரிய மீனைத் தேடி நின்றால், அதைத் தின்ன அவர் இருக்க மாட்டார்.