வெயிலில் விளைந்த ஐஸ்

உப்பளத்துக்காரர்களுக்கு மூளை இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அடிக்க வந்துவிடுவார்கள். வெட்டவெளிக்குடி உப்பளத்துக்காரர்களை மட்டும்தான் சொல்கிறேன். அவர்கள் அடிக்கக் கிளம்பினாலும் வேறு ஊருக்குத்தான் போய்ச் சேருவார்கள்.

அந்த ஊர் மாசானத்துக்குப் பேச்சியம்மாள் மேல் உயிர். அவளுக்கும் அப்படித்தான். நடுவில் நின்றவர் அவள் அப்பா உச்சிமாகாளி. நிச்சயதார்த்தத்தில் ஊருக்கே ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் கொடுக்க வேண்டுமென்று அவருக்குத் தீராத ஆசை. மாசானத்தைக் கூப்பிட்டார்.

"ஐம்பது கிலோ ஐஸ் முன்கூட்டியே வந்து சேரணும். சபையில தராசு வைப்பேன். ஒரு கிலோ குறைஞ்சாலும் பொண்ணு கிடையாது, மருமவனே."

முன்கூட்டியே என்றாரல்லவா, மாசானம் பன்னிரண்டு நாள் முன்னாடியே கூட்டாளிகள் பலவேசத்தையும் கொம்பையாவையும் ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் டவுனுக்குப் போய்விட்டான்.

ஐஸ் பாக்டரிக்காரர் ஐம்பது கிலோ பாளத்தை அவர்கள் அண்டாவில் இறக்கி மூடினார். "வெயில்ல கொண்டுபோயிராதீங்க" என்றார். "சீக்கிரம் போங்க" என்று சேர்த்துச் சொல்ல அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

மூவரும் சொன்ன சொல்லைத் தட்டவில்லை. வெயில் தலைகாட்டியதும் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தி, பொழுது சாயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சாய்ந்ததும் கொஞ்ச தூரம் ஓட்டுவார்கள், கொட்டாவி வந்துவிடும். ஆறு மைலுக்கு இரண்டு நாள் பிடித்தது.

வீட்டில் மூடியைத் திறந்தால் அண்டாவில் வெறும் தண்ணீர். மாசானம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். எவனோ ஐஸைத் தூக்கிவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறான் என்று பலவேசம் அடித்துச் சொன்னான். எடை போட்டார்கள். அண்டாவைக் கழித்தால் சரியாக ஐம்பது கிலோ.

"நேர்மையான திருடன்லே. எடையில கை வைக்கலை பாரு" என்றான் பலவேசம்.

கொம்பையா வெகுநேரம் தாடையைச் சொறிந்தான். "திருட்டு இல்ல. தப்பு நம்ம மேலதான். ரெண்டு நாளா நிழல்லயே வச்சிருந்தோமே. உப்பை நிழல்ல ஈரத்துல போட்டா என்ன ஆவும்?"

"நீர்த்துப்போவும்."

"அதேதாம்லே. வெயில் காட்டினா கட்டியாயிரும்."

மாசானத்துக்குப் போன உயிர் வந்தது. தண்ணீரைக் கட்டியாக்குவதில் இவர்களை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? பாத்தியில் தண்ணீர் பாய்ச்சி, வெயில் காட்டி, வெள்ளைவெளேரென்று வாரிக் குவிக்கிறதுதானே பிழைப்பு. நல்ல வெயில் விழும் உப்புப் பாத்தியாகப் பார்த்து ஐஸ் தண்ணீரை ஊற்றினார்கள். தன் நிழல் பட்டுவிடக் கூடாதென்று மாசானம் வரப்பில் படுத்தே காவல் காத்தான்.

எட்டாம் நாள் பாத்தியில் வெள்ளை பூத்தது. சந்தோஷத்தில் மாசானம் அழுதேவிட்டான். வாரி நிறுத்தால் இரண்டு கிலோதான் தேறியது. மூவரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

"வெயில் சும்மா உழைக்குமா? கூலியை எடுத்துக்கிட்டுது" என்றான் பலவேசம்.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டே நாள். வேறு வழியில்லாமல் பக்கத்துக் குவியலிலிருந்து நாற்பத்தெட்டு கிலோ அள்ளிச் சேர்த்தார்கள். அது உப்பாச்சே என்று மாசானத்துக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. வெயிலில் விளைந்ததெல்லாம் ஒரே சாதிதான் என்று கொம்பையா அவனைத் தேற்றினான்.

சபையில் தராசு வைத்தார்கள். ஐம்பது கிலோ, குன்றிமணி குறையவில்லை. சர்பத்தில் அள்ளிப் போட்டுக் கலக்கி ஆளுக்கொரு தம்ளர் கொடுத்தார்கள். முதல் மடக்கு உச்சிமாகாளி குடித்தார். அவர் முகம் அஷ்டகோணலாயிற்று. மாசானம் தராசை எட்டிப் பார்த்தான். கதவிடுக்கில் பேச்சியம்மாள் மூச்சு விடாமல் நின்றாள்.

உச்சிமாகாளி கண்ணை மூடி யோசித்தார்.

"எடை சரியா இருக்கு. பொண்ணு உனக்குத்தான். ஆனா சில்லுனு இல்லையே?"

மாசானம் தலைகுனிந்தான். "இன்னும் ரெண்டு நாள் வெயில் காட்டியிருக்கணும் மாமா."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று உச்சிமாகாளி தம்ளரோடு எழுந்தார். சபையும் எழுந்தது. பந்தலுக்கு வெளியே சுள்ளென்ற உச்சிவெயிலில் ஊரே தம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சர்பத் குளிரக் காத்து நின்றது.

ஒரு பெரியவர் மட்டும் வெயில் தாங்காமல் குடையை விரித்தார். பேச்சியம்மாள் ஓடிவந்து அதைப் பிடுங்கினாள்.

"நிழல் படுது பெரியப்பா. சூடாயிரும்."