முதல் மூவரில் ஒருவர்

இரத்தப் புற்றுநோய் வார்டில் டாக்டர் எஸ்தரிடம் பயிற்சிக்கு வந்திருந்தாள் மங்கை. எதற்கெடுத்தாலும் வாதாடுவாள்.

அங்கே ஒரு புது மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் மூவருக்கு மிகமிகக் குறைந்த அளவு. அவர்கள் உடம்பு தாங்கினால் அடுத்த மூவருக்குக் கூடுதல். குறைந்த அளவு வாங்கியவருக்குக் கூடுதல் கிடையாது.

முதல் மூவரில் ஒருவர் லாரி மெக்கானிக் சிக்கந்தர். மற்ற மருந்தெல்லாம் கைவிட்டபின் வந்தவர். உடம்பு தாங்கியது. நோய்தான் அசையவில்லை.

காலையில் அவர் மங்கையின் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த டோஸ் பெருசாமே? எனக்குத்தானே தங்கச்சி? வண்டி உறுமுது, நகர மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் மிதிச்சுப் பாருங்களேன்."

"கேட்டுட்டு வரேன் பாய்" என்று தப்பித்தவள் எஸ்தர் முன்னால் போய் நின்றாள்.

"அவர் தாங்கினதாலதான் மத்தவங்களுக்குக் கூட்டிக் கொடுக்கப்போறோம். அவருக்கு மட்டும் இல்லைன்னா என்ன நியாயம் மேடம்?"

"அவருக்கே கூட்டினா, எந்த அளவு என்ன செஞ்சதுன்னு தெரியாமப் போயிடும்."

"முதல் அளவு குணப்படுத்தாதுன்னு நமக்குத் தெரியுமில்ல?"

"அநேகமாத் தெரியும்."

"அவருக்கு?"

"சொன்னோம். தலையாட்டினார்."

"தலையாட்டினா புரிஞ்சுதுன்னு அர்த்தமா?"

"இல்லை."

இப்படி ஒத்துக்கொள்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது? மங்கைக்கு ஆத்திரம் பொங்கியது.

"அப்போ அவரை முதல் ஆளா எடுத்திருக்கவே கூடாது."

எஸ்தர் எழுந்தார். "வா. யாரை எடுத்திருக்கலாம்னு காட்டு."

வார்டில் நடந்தார்கள். மொட்டைத் தலையில் துப்பட்டா சுற்றிய கல்லூரிப் பெண் சிரித்தாள். இரட்டைக் குழந்தைகளின் அப்பா செல்போனில் அவர்களுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர், டாக்டரைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். ஒவ்வொரு கட்டிலிலும் எஸ்தர் நின்றார். ஒவ்வொரு கட்டிலிலும் மங்கை தலைகுனிந்தாள்.

கடைசிக் கட்டில் சிக்கந்தருடையது. தூரத்திலிருந்தே கையசைத்தார்.

மங்கை நின்றுவிட்டாள். "நான் என்ன சொல்லட்டும் மேடம்?"

"உண்மையை."

"சொல்லிட்டு?"

எஸ்தர் சுவரோரம் கிடந்த ஸ்டூலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"பக்கத்துல உட்கார்."

"நான் உட்கார்ந்தா மட்டும் பிழைச்சுடுவாரா?"

"மாட்டார்" என்றார் எஸ்தர். "உட்கார்."