அழாத குழிகள்

கோழி வைத்தியத்திலேயே தலை நரைத்துப்போன டாக்டர் குழந்தைவேலு, ஐம்பது வயதுக்குமேல் மறுபடியும் சிஷ்யனானார். பண்ணை பண்ணையாகச் சுற்றியவரை நோயறி ஆய்வகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே குரு மெஹருன்னிசா. ஆய்வகத்தின் தலைவி, இவரைவிடப் பத்து வயது இளையவர். இவர் அவரை ‘மேடம்’ என்பார். அவர் இவரை ‘சார்’ என்பார். யாருக்கு யார் குரு என்று வெளியாள் பார்த்தால் குழம்பித்தான் போவான்.

வந்த அன்றைக்கே குழந்தைவேலு கேட்டார்.

“மேடம், வைரஸ் கொன்ன கோழியை ஆயிரக்கணக்குல பார்த்திருக்கேன். வைரஸைப் பார்த்ததில்லை. அதோட முகம் எப்படி இருக்கும்?”

மெஹருன்னிசா அவரை இருட்டறைக்குக் கூட்டிப்போய், கரு வளரும் முட்டை ஒன்றை விளக்கின்மேல் வைத்தார். ஓடு சிவந்து ஒளிர்ந்தது. உள்ளே வேர்போல ரத்த நாளங்கள். நடுவில் ஒரு கறுப்பு நிழல் துள்ளியது.

“உயிரோட இருக்கு” என்றார் குழந்தைவேலு, சின்னப்பிள்ளைபோல.

மெஹருன்னிசா அடுத்த முட்டையை வைத்தார். நோய்க்கோழியின் குடலிலிருந்து எடுத்ததை ஊசியால் ஏற்றிய முட்டை அது. வேர்களைக் காணோம். நிழல் மட்டும் ஓட்டோடு ஒட்டிக் கிடந்தது. விரலால் தட்டினார். அசையவில்லை.

“இது வைரஸ் செஞ்ச வேலையா?”

“இருக்கலாம். வேற கிருமியும் கொல்லும். செத்தது வாயைத் திறந்து சொல்லாது சார். ரத்தத்தைத்தான் கேட்கணும்.”

வெளியே வந்து, வரிசை வரிசையாகச் சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எடுத்தார். செத்த முட்டையின் நீரைக் குழிகளில் விட்டார். பின்கட்டில் ரத்தத்துக்கென்றே வளர்க்கும் வெள்ளைக்கோழியின் சிவப்பணுக்களை ஒவ்வொரு குழியிலும் சேர்த்தார். ஓரத்தில் இரண்டு குழிகள் தனி. ஒன்றில் வெறும் உப்புநீர். மற்றதில், ஆய்வகத்தில் சேமித்து வைத்திருந்த வைரஸை அவரே விட்டார். தட்டைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள்.

எடுத்தபோது உப்புநீர்க் குழியில் ரத்தம் அடியில் இறங்கி, ஒரு சிவப்புப் பொட்டாக உட்கார்ந்திருந்தது. மெஹருன்னிசா தட்டைச் சாய்த்தார். பொட்டு கரைந்து, கண்ணீர்போல ஒரு கோடாக வழிந்தது. மற்ற குழிகளில் ரத்தம் இறங்கவே இல்லை. வலை பின்னியதுபோல் அப்படியே விரிந்து நின்றது. சாய்த்தும் வழியவில்லை.

குழந்தைவேலுவுக்கு அத்தனை குழிகளும் இமைக்காமல் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

“அழுதா நல்ல குழி” என்றார் மெஹருன்னிசா. “அழாம முறைச்சா உள்ளே ஆள் இருக்கு. அதுக்கு முகம் கிடையாது சார். ரத்தத்தை விழவிடாது, அவ்வளவுதான்.”

பிறகு ஓரத்துக் குழிகள் இரண்டையும் தொட்டுக் காட்டினார்.

“பதில் தெரிஞ்ச இந்த ரெண்டையும் கேட்காம நடுவுல இருக்கிறதை நம்பிடாதீங்க. இன்னொண்ணு. உப்புநீர்க் குழி உட்கார்ந்த உடனே பார்த்து எழுதிடணும். தட்டைச் சூட்டுல வைக்கவே கூடாது.”

“வச்சா என்ன ஆகும்?”

“வச்சவங்க சொல்லுவாங்க” என்று தட்டைக் கழுவப் போட்டார்.

சில மாதம் கழித்து மயிலாத்தா நோய்க்கோழிகள் சிலவற்றைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். குஞ்சு வாங்கி, பருவக்கோழியாக வளர்த்து, முட்டைப் பண்ணைகளுக்கு அனுப்புகிறவள். அவள் ஷெட்டின் முதல் குஞ்சுக்குச் சொட்டு மருந்து விட்டவரே குழந்தைவேலுதான். புருஷன் போனபிறகு அந்த ஷெட்தான் அவளுக்கு எல்லாம்.

“ஏனுங்க டாக்டரு, நாலஞ்சு கோழி கழுத்தைத் திருகிக்கிட்டு வானத்தையே பார்க்குதுங்க. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குது. மத்ததெல்லாம் சத்தமே போடறதில்லைங்க. ஷெட்டுக்குள்ள போகவே பயமா இருக்குதுங்க.”

ஷெட்டையே காலிசெய்கிற வைரஸ் நோயான வெள்ளைக்கழிச்சலோ என்று குழந்தைவேலு சந்தேகப்பட்டார். அவள் கொண்டுவந்த கோழியின் குடலிலிருந்து எடுத்ததை முட்டைகளில் ஏற்றினார். முட்டைகள் செத்தன.

தட்டு வைக்கும் நாளன்று மெஹருன்னிசா ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மயிலாத்தா விடிந்ததுமே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கோழிகளை ஏற்றிப்போக லாரி அவள் பண்ணையில் நின்றது. நோய் இல்லை என்றால் லாரி நாலு ஊர்ப் பண்ணைகளுக்குப் போகும். இருக்கிறது என்றால் நகரக்கூடாது. வெறும் ஷெட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

குழந்தைவேலு தட்டை எடுத்துப் பார்த்தார். உப்புநீர்க் குழி உட்கார்ந்துவிட்டது. மயிலாத்தாவின் குழிகள் ஒன்றும் உட்காரவில்லை. சாய்த்தார். ஒன்றும் அழவில்லை.

மனசு கேட்கவில்லை. வெளிச்சம் போதவில்லையோ என்னவோ என்று ஜன்னலோரம் கொண்டுபோனார். சித்திரை வெயில் மேஜைமேல் அடித்தது. தட்டை அங்கேயே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுதவேண்டிய கை எழுதவில்லை. பின்கட்டில் கொக்கரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்கோழி திடுமென்று சத்தத்தை நிறுத்தியது.

அப்போதுதான் அவர் கண்ணெதிரே அது நடந்தது. ஒரு குழியில் விரிந்திருந்த சிவப்பு மெல்ல மெல்ல நழுவி அடியில் கூடிப் பொட்டானது. பிறகு பக்கத்துக் குழி. பிறகு அதற்கடுத்தது. யாரோ உள்ளேயிருந்து பிடித்த பிடியை ஒவ்வொரு விரலாக விடுவதுபோல் இருந்தது. குழந்தைவேலு தட்டைச் சாய்த்தார்.

மயிலாத்தாவின் குழிகள் எல்லாம் அழுதன.

“முருகா!” என்று வாய்விட்டே சொன்னார். அவர் கண்ணிலும் நீர். வாசலுக்கு ஓடினார்.

“அம்மிணி, ஒண்ணுமில்லை! லாரியை ஏத்தச் சொல்லு!”

மயிலாத்தா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சிரித்துக்கொண்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டும் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மத்தியானம் மெஹருன்னிசா திரும்பி வந்தார். பையைக்கூட இறக்கி வைக்காமல் ஜன்னலோரத் தட்டைப் பார்த்தார்.

“என்ன சொல்லியனுப்பினீங்க?”

“நோய் இல்லை மேடம். எல்லாம் அழுதுடுச்சு.”

மெஹருன்னிசா தட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்துச் சாய்த்தார். விரலை ஓரத்துக்குக் கொண்டுபோனார். உப்புநீர்க் குழி அழுதது. பக்கத்தில், காலையில் குழந்தைவேலு தன் கையாலேயே வைரஸ் விட்ட குழி. அதுவும் அழுதது.

குழந்தைவேலு அந்தக் குழியை விரலால் தொட்டார்.

“இதுல நான் விட்ட வைரஸ் எங்கே மேடம்?”

“அங்கேதான் இருக்கு.”

“ரத்தம் விழுந்துடுச்சே?”

“சூடு பட்டா பிடியை விட்டுடும். பிடியை விட்டது போயிடுச்சுன்னு யார் சொன்னா?”

குழந்தைவேலு போனை எடுத்தார். மயிலாத்தா சிரித்த குரலில் பேசினாள்.

“இப்பத்தானுங்க லாரி கெளம்புச்சு!”

“திருப்பச் சொல்லு அம்மிணி. எந்த ஊர்லயும் இறக்கக்கூடாது. என்ன நோய்னு தெரியற வரைக்கும் ஒரு கோழி வெளியே போகக்கூடாது. தப்பு என்னுதுதான்.”

அவள் ஷெட்டுக்குள் நிற்கிறாள் போலிருக்கிறது. லாரிக்குப் போகாமல் எஞ்சிய கோழிகள் அங்கே இருக்கத்தான் இருக்கும். ஆனால் போனில் ஒரு கோழிச் சத்தமும் கேட்கவில்லை.

“காலைல இல்லைன்னீங்களே சாமி” என்றாள் மயிலாத்தா. “இப்ப எங்கிருந்துங்க வந்துச்சு?”

லாரிக்காரனைக் கூப்பிட அவளே போனை வைத்துவிட்டாள்.

மெஹருன்னிசா புதுத் தட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். குழந்தைவேலு அதன் ஓரத்துக் குழியில் உப்புநீரை விட்டுக்கொண்டே கேட்டார்.

“மேடம், நேரத்துக்குப் பார்க்க மறந்துட்டேன்னு நீங்க நினைச்சிருக்கலாம். ஒரு வார்த்தைகூட அப்படிக் கேட்கலையே. அது அழாம இருந்தப்பவே நான் பார்த்துட்டேன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“மறந்தவங்க தட்டு குளிர்பெட்டியிலேயே இருக்கும் சார். இது ஜன்னல்கிட்ட இருந்துச்சு. பக்கத்துல நாற்காலி வேற போட்டிருந்துச்சு” என்றார் மெஹருன்னிசா. “யாரோ உட்கார்ந்து அதுகிட்ட கெஞ்சியிருக்காங்க.”