ஒதிய மரம் சொன்ன பொய்

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது, பறவைகளுக்கு ஊர்ச்சபையில் இடம் இருந்தது. மனிதர்களுக்கு இப்போது இருப்பதைவிடக் காது கொஞ்சம் நன்றாகக் கேட்டது. கேட்டதே தவிர, கேட்டபடி நடந்தார்கள் என்று சொல்லமுடியாது.

அப்போது வேலங்காடு என்று ஓர் ஊர் புதிதாக உண்டாகிக்கொண்டிருந்தது. பெயரில்தான் காடு. குடியேறியவர்கள் வெட்டி வெட்டி, தெருவில் நடப்பவன் தலைக்கு ஒரு விரல் அகல நிழல்கூட இல்லாமல் செய்துவிட்டார்கள். ஒரு கோடையில், தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்கள் சிலர் நடுத்தெருவில் சுருண்டு விழுந்து செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஊருக்குச் சுரணை வந்தது. மனிதர்களும் மரங்களும் பறவைகளும் ஊர்ச் சாவடி வாசலில் ஒன்றாக உட்கார்ந்து ஒரு சட்டம் போட்டார்கள். புது வீடு கட்டுகிறவன் தெருவோரமாக மூன்று முழம் இடம் விடவேண்டும். அந்த இடத்தில் ஒரு மரம் வைக்கவேண்டும். அது வேர் பிடித்த பிறகுதான் வீட்டுக்குக் கதவு மாட்டலாம். கதவு மாட்டாத வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, பாய் விரிக்கக் கூடாது.

வேர் பிடித்ததா என்று பார்க்கும் வேலை மரங்கொத்தியுடையது. பார்ப்பது என்ன, கேட்பதுதான். மரத்தின் எதிரே போய் உட்கார்ந்து, "வேர் விட்டியா?" என்று கேட்கும். "விட்டேன்" என்றால் கதவு. "இன்னும் இல்லை" என்றால் காத்திருக்கவேண்டும். மரம் பொய் சொல்லும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றியதே இல்லை. அதிலும் ஒதிய மரம் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. சொல்லும் உறுதி, உடம்பும் உறுதி. உள்ளே வைரம் பாய்ந்து இரும்பாக இருக்கும். ஊரில் பாதி வீட்டுக்கு உத்தரம் ஒதிய மரம்தான்.

அந்த ஊரில் நல்லாண்டி என்று ஒருவன் வீடு கட்ட ஆரம்பித்தான். அவன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். அவன் மனைவி செம்பாயி ஓலைக் குடிசையில் இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டும் அடைமழையில் பிறந்தன. கூரை ஒழுகி, தரை ஈரம் ஏறி, நெஞ்சில் சளி கட்டி இரண்டும் போய்விட்டன. மூன்றாவது வயிற்றில் தரித்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்தப் பிள்ளையாச்சும் நனையாத இடத்துல பொறக்கணும் மாமா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அன்றைக்கே நல்லாண்டி கோடரியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனான். அங்கே நின்ற ஒதிய மரத்திடம் கும்பிட்டுக் கேட்டான். "உத்தரத்துக்கு நீ வேணும்."

"வரேன். எனக்குப் பதிலா ஒண்ணு நிக்குமா?"

"நிக்கும். வீட்டு வாசல்லயே வைக்கிறேன்."

"அப்ப வெட்டிக்க" என்றது ஒதியன்.

மரம் விழுந்தது. அடிமரத்தை இழைத்து உத்தரமாக ஏற்றினான். வெட்டிய கிளைகளைக் கொல்லையில் போட்டான். அந்தக் காலத்தில் வெட்டியதால் மட்டும் மரத்துக்கு உயிர் போய்விடாது. உத்தரமாகிக் கூரையைத் தாங்கினாலும் கிளையாகிக் கொல்லையில் கிடந்தாலும் அது ஒரே உயிர், ஒரே நினைப்பு. ஒன்று பேசினால் மற்றொன்று கேட்கும்.

வீட்டைக் கட்டிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள்? கல் வந்தால் ஆள் வராது, ஆள் வந்தால் மழை வரும். நல்லாண்டிக்கு மூச்சுவிட நேரமில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் விட்டு நீற்ற ஒரு குழி வேண்டும். பார்த்தான். தெருவோரம் மூன்று முழ இடத்தில் மரம் வைப்பதற்காகத் தோண்டிய குழி சும்மாதானே கிடக்கிறது?

"மரம் வைக்கிற குழியில போய்ச் சுண்ணாம்பு நீத்துறீங்களே மாமா" என்றாள் செம்பாயி.

"வேலை முடிஞ்சதும் வழிச்சு எடுத்துட்டு மண்ணைப் போட்டா ஆச்சு. இதுக்குன்னு இன்னொரு குழி தோண்டவா?"

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. குழி நாள் கணக்கில் கொதித்தது. சுவர் வெள்ளைவெளேர் என்று எழும்பியது. வேலை முடிந்ததும் சொன்னபடியே வழித்து எடுத்தான், மேலே நல்ல மண்ணும் போட்டான், ஒரு புங்கங்கன்றை வைத்தான். கன்று நட்டதுமே சிணுங்கியது. "அடியில எரியுதே" என்றது. தண்ணீர் ஊற்றினான். ஊற்ற ஊற்ற அடியிலிருந்த சுண்ணாம்பு இன்னும் மேலே வந்தது. கன்று கருகிவிட்டது. வேறொன்று வைத்தான், அதுவும் கருகியது. கடைசியில் அந்த மூன்று முழமும் வெளிறிப்போய், எறும்புகூட ஊராத இடமாகக் கிடந்தது.

ஐப்பசி பிறந்தது. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு நின்றது. செம்பாயிக்கு இன்றோ நாளையோ என்று நிறைமாதம். மறுநாள் காலையில் மரங்கொத்தி வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தது. இந்தமுறை விட்டால், மழையெல்லாம் ஓய்ந்து தை பிறந்த பிறகுதான் அது மறுபடி வரும்.

"சபைக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்க மாமா" என்றாள் செம்பாயி. "நெலமையைச் சொன்னா மனுஷங்க, பறவைங்க, ஒருத்தருக்காவது மனசு இரங்காதா?"

"கேட்டா இல்லைம்பாங்க. இல்லைன்னு சொல்லிட்டா அப்புறம் நம்ம கையில என்ன இருக்கு?"

கேட்காதவரைக்கும் வழி இருக்கிறது என்பது அவன் கணக்கு. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குடிசைக்குள் போனாள். உள்ளே முதல் தூறலுக்கே ஒழுகத் தொடங்கியிருந்தது. அந்தச் சொட்டுச் சத்தத்தை நல்லாண்டி வெளியே நின்று கேட்டான். இரண்டு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தவன் அவன். அதற்குமேல் அவனால் நின்று யோசிக்க முடியவில்லை.

கொல்லைக்குப் போனான். ஒதியன் கிளைகளில் நல்ல தடியான ஒன்றை எடுத்தான். அதில் இலை இன்னும் வாடாமல் இருந்தது. தெருவோரக் குழியில் ஊன்றி மண்ணை மிதித்து இறுக்கினான். பார்ப்பதற்கு மரமாகவே இருந்தது.

"நல்லாண்டி, என்ன செய்றே?" என்றது கிளை.

"நாளைக்குக் காலையில மரங்கொத்தி கேக்கும். வேர் விட்டேன்னு ஒரு சொல் சொல்லிரு."

"எனக்கு வேரே இல்லையே. கீழ எரியுது. நான் எப்படிச் சொல்ல?"

"என் பிள்ளைக்காகச் சொல்லு."

"நான் சொன்னா சபை நம்பிரும்" என்றது ஒதியன். "அதனாலதான் முடியாதுங்கறேன்."

நல்லாண்டி மண்டியிட்டு அதன் அடியைக் கட்டிக்கொண்டான். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம். ஒரு உசுருக்காக ஒரே ஒரு பொய் சொல்லக் கூடாதா? ரெண்டைக் குடுத்துட்டேன். மூணாவதையும் குடுக்கச் சொல்றியா?"

குடிசைக்குள் செம்பாயி முனகுவது தெருவரைக்கும் கேட்டது. இரக்கம் பொல்லாதது. கெட்டவன் வந்து கெஞ்சினால் மாட்டேன் என்று சொல்லிவிடலாம், நல்லவன் அழுதால்தான் ஆபத்து.

காலையில் மரங்கொத்தி வந்தது. புது வீட்டைச் சுற்றிப் பறந்து பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தது. "அட, ஒதியனா?" என்று சந்தோஷப்பட்டது. "வேர் விட்டியா?"

"விட்டேன்" என்றது ஒதியன்.

"அப்பச் சரி. கதவை மாட்டிக்க நல்லாண்டி" என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி அடுத்த தெருவுக்குப் பறந்தது. அலகால் ஒருமுறை தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கதவு மாட்டினான். அடுப்பு மூட்டினான். செம்பாயி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்து, காய்ந்த தரையைக் கையால் தடவிப் பார்த்து அழுதாள். மழை பிடித்துக்கொண்டது. ஊரே ஊறிப்போன அந்த மழையில், ஒரு சொட்டுகூட விழாத அந்த வீட்டில், அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்லாண்டி அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

ஆனால் உத்தரத்திலிருந்து தூள் கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் மாவு சலித்ததுபோல் கொஞ்சமாகத்தான் விழுந்தது. கூட்டித் தள்ளினால் மறுபடி விழும். குழந்தையின் நெற்றியில் விழுந்த தூளைச் செம்பாயி முந்தானையால் துடைத்தபடி, "மேல பாருங்க மாமா" என்றாள்.

நல்லாண்டி ஏணி வைத்து ஏறி உத்தரத்தைத் தொட்டான். விரல் உள்ளே போனது.

"என்னால முடியலை நல்லாண்டி" என்றது உத்தரம். குரல் தேய்ந்து போயிருந்தது. "வெளியில அந்தச் சொல்லைச் சொன்ன அன்னைக்கே இங்க உள்ள இருந்த வைரம் விட்டுப்போச்சு. பொய் சொன்ன உடம்பு பாரம் தாங்க மாட்டேங்குது. அவளையும் பிள்ளையையும் வெளியே கூட்டிட்டுப் போ."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிறந்த குழந்தையை அந்த மழையில் எப்படித் தூக்கிக்கொண்டு போவது? எதற்காக இத்தனையும் செய்தானோ அதையே இப்போது தன் கையால் கெடுப்பதா? "கொஞ்சம் பொறுத்துக்க. முட்டுக் குடுக்க ஒரு கட்டை எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிக் கொல்லைக்கு ஓடினான். கட்டையைத் தோளில் தூக்கித் திரும்பும்போது வீடு இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. ஈரச் சுவர் ஒன்று சாய்வதுபோல் அமைதியாக இறங்கியது.

ஊர் ஓடி வந்து மண்ணைத் தள்ளியது. செம்பாயி முழங்காலில் குப்புறக் கவிழ்ந்திருந்தாள். அவள் வயிற்றுக்குக் கீழே இருந்த சின்ன இடத்தில், ஒரு சொட்டு நனையாமல், குழந்தை அழுதுகொண்டிருந்தது. செம்பாயி எழுந்திருக்கவில்லை. இடிந்த வீட்டில் அவள் முதுகு மட்டும்தான் இற்றுப்போகாத உத்தரமாக இருந்தது.

மரங்கொத்தியும் நனைந்துகொண்டே வந்தது. எல்லாவற்றையும் கேட்டது. கேட்டுவிட்டு நல்லாண்டியைப் பார்த்து ஒன்றுதான் சொன்னது.

"ஊர்ச் சாவடி காலியாத்தானேய்யா கெடக்கு? ஓட்டுக் கூரை, ஒழுகாது. கன்னு பட்டுப்போச்சு, பொண்டாட்டி நெறமாசம்னு ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா, தை வரைக்கும் அங்க இருந்துக்கன்னு சாவியைக் குடுத்திருப்போமே!"

நல்லாண்டி குழந்தையை மார்போடு அணைத்தபடி சேற்றில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்குக் கேட்கப் போயிருந்தால், ஒரு தெரு நடை.

பிறகு மரங்கொத்தி தெருவோரக் கிளையில் போய் உட்கார்ந்தது. பிறந்ததிலிருந்து முதல்தடவையாக ஒரு மரத்தை அலகால் தட்டிப் பார்த்தது. 'டொக்' என்று வெறும் சத்தம் வந்தது. "வேர் விட்டியா?" என்று கேட்டது. முன்பு கேட்ட அதே கேள்விதான்.

"இல்லை" என்றது ஒதியன். "இனிமே விடுறேன்."

பிறகு நல்லாண்டியிடம் மெல்லக் கேட்டது. "பிள்ளை இருக்கா?"

"இருக்கு" என்றான் நல்லாண்டி.

ஒதியன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். சொன்ன பொய்யை மெய்யாக்குவதற்காக, அந்தச் சுண்ணாம்பு மண்ணிலேயே, வெறும் கட்டையிலிருந்து வேரைப் பிதுக்கிப் பிதுக்கி விட்டது. வேர் பிடித்தது, தழைத்தது, பெருத்தது. ஆனால் போன வைரம் அதற்கும் அதன் வழிவந்த ஒதியன்களுக்கும் திரும்பவில்லை. அதனால்தான் இன்றைக்கும் ஒதியன் கிளையைப் போத்தாக வெட்டி வேலியோரம் ஊன்றினால், பட்டுப்போகாமல் பிழைத்துக்கொள்கிறது. ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்று ஊர் சொல்வதும் அதனால்தான். பட்டையைச் சீவினால் உள்ளே ஆறாத புண்போல் சிவப்பாக இருக்கிறது. ஊரெல்லாம் நிழலுக்கு அலைகிற கோடையில், இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்று துக்கம் காக்கிறது. மரங்கொத்தி அதற்குப்பின் எந்த மரத்தின் சொல்லையும் நம்பவில்லை. பார்க்கிற மரத்தையெல்லாம் தட்டிக்கொண்டே திரிகிறது.

சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. புது வீடு, புது மனை என்றால் இத்தனை அடி இடம் விடு, இத்தனை மரம் வை என்று இப்போதும் சொல்கிறார்கள். ஆள் வந்து பார்த்துவிட்டும் போகிறார்கள். வருவதற்கு முந்தின நாள் கிளையை ஒடித்துச் செங்கல் தூளில் ஊன்றிவைக்கிற நல்லாண்டிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். வந்தவர் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துத் தலையாட்டுகிறார். மரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஒதியனுக்கு நேர்ந்ததைப் பார்த்து மற்ற மரங்களும் வாயை மூடிக்கொண்டன. அன்று முதல்தான், வேர் விட்டாயா என்று கேட்டால் எந்த மரமும் பதில் சொல்வதில்லை.