வாய்க்கால் தண்ணியில பொங்கின சோறு

ஒரு ஊர்ல ஒரு மணல் திட்டு. ஊரே அந்தத் திட்டு மேலதான். கெழக்க கடல், ஓ-ன்னு எரையும். மேக்க ஏரி, சளக் சளக்னு கரையை நக்கும். அதுவும் உப்பு, இதுவும் உப்பு. நடுவுல நாடா மாதிரி ஊரு. மூச்சைப் புடிச்சு ஓடினா இந்தக் கரையிலேந்து அந்தக் கரைக்குப் போயிடலாம். ம் சொல்லு, அப்பத்தான் மேல சொல்வேன்.

அந்த ஊர்ல தேசராணின்னு ஒருத்தி. திட்டு ரொம்ப ஒடுங்கற எடத்துல அவ குடிசை. பக்கத்துல ஒரு மணல்மேடு, மேடு பூரா மணலைப் புடிச்சு வெக்கற அடம்பங்கொடி. மேட்டடியில கையால தோண்டினா நல்ல தண்ணி ஊறும். பேஞ்ச மழையை மணல் குடிச்சு வெச்சிருக்குமில்ல, அது. ஊருக்கே அந்த ஒரு ஊத்துதான்.

ஊர்த் தலைவரு மாசிலாமணி, அவளோட கூடப்பொறந்த அண்ணன். அவருக்கு ஒரு ரோசனை. "ஏரியிலேந்து கடலுக்குப் போவ முகத்துவாரம் வரைக்கும் சுத்தறோம். அரை நாள் அதுலயே போவுது. இந்த மேட்டை வெட்டி வாய்க்கால் விட்டா, நேரா கடல்."

"ஊத்து போயிடும் அண்ணே."

"மணல்தானேம்மா. எங்க தோண்டினாலும் தண்ணி வரும்."

"அப்போ தோண்டிக் காட்டிட்டு வெட்டு."

அவரு காட்டல. கொடியைப் பிடுங்கிப் போட்டு, மம்மட்டியால சரக் சரக்னு வெட்டினாரு. விடிஞ்சு பாத்தா, காத்து சர்ர்ருனு மணலை வாரி மூடியிருக்கு. மறுபடி வெட்டினாரு. அலை மடார் மடார்னு மோதி அடைச்சுது. தேசராணி போயி நின்னா. "காத்து சொல்லிச்சு, கடல் சொல்லிச்சு, நானும் சொல்லிட்டேன். இன்னும் யாரு வந்து சொல்லணும் உனக்கு?" அவரு காதுல வாங்கல. மூணாந்தரம் ரெண்டு பக்கமும் பனைமரத் துண்டை ஊனி, ஆழமா வெட்டினாரு. அப்போ குபுகுபுன்னு கடல் உள்ள வந்துடுச்சு. படகெல்லாம் நேரா போச்சு. ஆம்பளைங்களுக்கு ஒரே குஷி.

ம்... முழிச்சிருக்கியா?

அப்புறம் கொஞ்ச நாள் போச்சு. தேசராணி மவளுக்குக் கொழந்தை பொறந்துது. "அம்மா, தண்ணி"ன்னு கேட்டா. ஊத்துலேந்து மொண்டு குடுத்தா. மவ ஒரு வாய் வெச்சா, ஒரே உப்பு, த்தூன்னு துப்பிட்டா. ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. கொழந்தை பாலுக்கு வீல்வீல்னு கத்துது.

தேசராணி விருட்டுனு எழுந்தா. நேரா அண்ணன்கிட்ட போனா. "என் பொண்ணு துப்பறா அண்ணே."

"அக்கரையிலேந்து கொண்டாந்துக்கலாம்மா."

"யாரு கொண்டாருவா?"

கொண்டாந்தது யாரு? பொம்பளைங்கதான். ஏரி முச்சூடும் துடுப்புப் போட்டுப் போயி, கொடம் கொடமா சொமந்தாங்க. ஆம்பளைங்களுக்கு மிச்சமான அந்த அரை நாளு, பொம்பளைங்க தலையில வந்து ஒக்காந்துக்கிச்சு.

தேசராணி பொம்பளைங்க எல்லாரையும் கூப்பிட்டா. "சொமக்கற தண்ணி புள்ளைங்களுக்கும் நோயாளிக்கும் நமக்கும். ஆம்பளைங்களுக்கு வாய்க்கால் தண்ணியிலயே பொங்குங்க."

மொத நாளு சோறு உப்பு. உவ்வேன்னு ஓடினாங்க. மறுநாளு கொழம்பும் உப்பு. மூணாம் நாளு மாசிலாமணியே வந்தாரு. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

தேசராணி ஒரு செம்பை நீட்டினா. "நீ வெட்டின தண்ணி. குடி."

அவரு செம்பைப் பாத்தாரு, தங்கச்சியைப் பாத்தாரு, கீழ வெச்சுட்டாரு. "இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"மூடு."

மூடினாங்க. பனைமரத்தைக் குறுக்கப் போட்டு, தாழையை வெட்டி அடைச்சு, கூடை கூடையா மணலைக் கொட்டி, தொம் தொம்னு மிதிச்சாங்க. மழை வந்துது, போச்சு. ஊத்து கரிச்சுக்கிட்டே இருந்துது. தேசராணியும் அண்ணேன்னு கூப்பிடறதை விட்டுட்டா. மாசிலாமணி தெனம் வந்து மேட்டுல அடம்பங்கொடி நடுவாரு, ஊத்தைத் தோண்டி ஒரு கை குடிச்சுப் பாப்பாரு. ஒரு நாள் சொன்னாரு, "இனிக்குது தேசராணி."

அவ ஒரு கை மொண்டு குடிச்சா. "கரிக்குது. பொய் சொல்லிட்டு வூட்டுக்குப் போயிடலாம்னு பாக்கறியா? கொடியை நடு."

அவரு குனிஞ்சு நட்டாரு. இன்னும் ரெண்டு மழைக்காலம் புடிச்சுது அந்தத் தண்ணி இனிக்க. அவ கோவம் ஆற அதுக்கு மேலயும் ஆச்சு.

கதை கரையேறிடுச்சு. கண்ணை மூடிக்க.