வேலைநீக்க மெசேஜ்

ஓணான்பாறையில் செல்போன் டவர் நின்றது, சிக்னல்தான் இல்லை. பார்வையிட வந்த கம்பெனி மேலாளரிடம் டவர் காவலாளி பேச்சிமுத்து அதை ஊரார் முன்னால் சொல்லிவிட்டான்.

“ஊர் முழுக்க சிக்னல் இருக்குன்னு மேலிடத்துக்கு எழுதிட்டேன். என்னையே பொய்யனாக்குறியா? உன் வேலை போச்சு!” என்று கத்தினார் மேலாளர்.

“சரிங்கய்யா. அந்த உத்தரவை இங்க நின்னே என் போனுக்கு மெசேஜா அனுப்புங்க. வந்துட்டா கிளம்பிடுறேன். வரலேன்னா?”

“வரலேன்னா நீயே காவலாளி, போ!”

மேலாளர் அனுப்பினார்; போகவில்லை. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார். கடைசியில் பக்கத்திலிருந்த உயரமான தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் கால் வைத்தார்.

“தாராளமா ஏறுங்கய்யா,” என்றான் பேச்சிமுத்து. “போன் பேசணும்னா நாங்களும் அங்கதான் ஏறுவோம்.”

கூட்டம் சிரித்தது. மேலாளர் ஏணியிலிருந்து காலை எடுத்தார். பேச்சிமுத்து டவருக்குக் காவல் போனான்.