வைத்தியர் விழுங்கிய உருண்டை

முன்னொரு காலத்தில் செண்பக நாட்டை மாறவரம்பன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். காலையில் மயில் அகவக் கூடாது என்று ஆணையிடுவான். மாலையில் அதே மயில் ஏன் வாடிக் கிடக்கிறது என்று விசாரணை வைப்பான்.

அவனுடைய இரண்டு வயது மகள் காய்ச்சலில் இறந்தபோதும் அவனுக்குத் தெரிந்த வழி அதுவே. "குழந்தையின் பெயரை இந்த அரண்மனையில் எவரும் உச்சரிக்கக் கூடாது. நடைவண்டியைக் கண்காணாமல் பூட்டுங்கள். அரசியின் துயரம் ஒரு மாதத்தில் தீரவேண்டும்" என்றான்.

துயரம் ஆணைக்குப் பணியவில்லை. அரசி நல்லினி உண்ணாமல் உறங்காமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். அரண்மனை வைத்தியர் சிவந்தியப்பர் மருந்துருண்டை கொடுத்தார். முதல் வாரம் அது நன்றாகவே வேலை செய்தது. அரசி உறங்கினாள், எழுந்து இரண்டு வாய் கஞ்சியும் குடித்தாள். அதற்குமேல் குணம் ஓர் அடியும் நகரவில்லை. வைத்தியர் உருண்டையைப் பெரிதாக்கினார். சுண்டைக்காய் அளவு நெல்லிக்காய் அளவாயிற்று. அரசி விழித்திருக்கும் பொழுதுதான் குறைந்தது; விழித்ததும் அதே சுவர், அதே பார்வை.

ஆறாம் மாதம் அரசன் சபையில் சீறினான். "என்ன வைத்தியம் ஐயா இது?"

சிவந்தியப்பர் திரும்பிப் பார்த்தார். சபையின் கடைசியில், உருண்டைத் தட்டோடு உடையாள் நின்றிருந்தாள். கல்வம் என்னும் கருங்கல் குழியில் அவருக்கு மருந்து அரைத்துக் கொடுப்பவள். எந்த நோயாளி எதற்காக அழுகிறார் என்பது வைத்தியருக்குத் தெரியுமுன் அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே அவளை அவருக்குப் பிடிக்காது.

"மருந்தில் குற்றமில்லை, அரசே. இரண்டு சாமம் அரைக்கச் சொன்னேன். இவள் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒரு சாமத்தில் வழித்துவிடுகிறாள். அரைத்த பதம் போதவில்லை."

"அப்படியானால் அந்தக் கை எதற்கு? நாளைக் காலை வெட்டிவிடுங்கள்" என்றான் அரசன், வெற்றிலை கேட்பதுபோல.

உடையாள் தன் வலது கையைப் பார்த்தாள். இருபது ஆண்டுக் காய்ப்பு. பயந்துதான் போனாள், ஆனாலும் அவளுக்குப் பயம் வந்தால் வாய் இன்னும் தெளிவாகும்.

"வெட்டுங்கள், அரசே. அதற்கு முன் பதத்தைச் சோதியுங்கள். நான் அரைத்த இதே உருண்டையை நாளை சபையில் ஒருவர் விழுங்கட்டும். உறக்கம் வராவிட்டால் இரண்டு கையையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

"யார் விழுங்குவது?"

"பதம் போதாது என்று சொன்னவர்தான். அவர் நாக்குக்குத்தானே பதம் தெரியும்?"

சபை சிரித்தது. அரசனுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது.

மறுநாள் காலை சிவந்தியப்பர் உருண்டையைக் கையில் எடுத்த நேரத்தில் உடையாள் சொன்னாள்: "ஐயா, வரும் வழியில் உங்கள் வீட்டுப்பக்கம் போனேன். உங்கள் பாட்டனார் எழுதிய மருந்துச் சுவடி பெட்டியில் இல்லையாமே?"

வைத்தியர் முகம் சாம்பலாயிற்று. "என்னடி சொல்கிறாய்? நான் வீட்டுக்குப் போகவேண்டும்!"

"முதலில் விழுங்கும்" என்றான் அரசன்.

விழுங்கினார். அரை நாழிகையில் தலை சாய்ந்தது. குறட்டையில் சபையின் திரைச்சீலை ஆடியதாக வாயிற்காவலன் பிறகு சத்தியம் செய்தான்.

"பதம் சரிதான்" என்றான் அரசன். "உன் கை பிழைத்தது. போகலாம்."

"என் கை பிழைத்தது, அரசி இன்னும் பிழைக்கவில்லை. வைத்தியர் விழிக்கும்வரை பொறுங்கள், அரசே."

உச்சிப்பொழுதில் சிவந்தியப்பர் கண் திறந்தார். திறந்ததும் அலறினார்: "என் சுவடி!"

உடையாள் தட்டை நீட்டினாள். "கவலையா, ஐயா? இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள். இது கொஞ்சம் பெரியது."

"உருண்டையைக் கொண்டுபோய்க் கிணற்றில் போடு! எனக்குச் சுவடி வேண்டும். யாராவது என்னோடு வந்து தேடுங்களேன்! அதில் என் பாட்டனார் கையெழுத்து இருக்கிறது. அதன் அருமை உங்களில் யாருக்காவது தெரியுமா?"

சபையில் இந்த முறை எவரும் சிரிக்கவில்லை.

"கிணற்றில் போடவேண்டாம், ஐயா. நல்ல மருந்து. உறங்கவே முடியாதவருக்கு உறக்கம் தரும். எழுந்து நிற்கத் தெம்பு தரும். நீங்கள் உறங்கியபோது உங்கள் கவலை மட்டும் உறங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்." உடையாள் மடியிலிருந்து சுவடியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "உங்கள் மனைவிதான் எடுத்துக் கொடுத்தார். அவர் பேச்சையும் கேட்க வீட்டில் ஆளில்லையாம்."

பிறகு அரசனிடம் திரும்பினாள். "இவர் தொலைத்ததைத் திருப்பித் தர என்னால் முடிந்தது. அரசி தொலைத்தது திரும்பாது. அதைப் பற்றிப் பேசவாவது அவருக்கு ஒரு துணை வேண்டும். இந்த அரண்மனையில் குழந்தையின் பெயரைச் சொன்னால் தண்டனை. ஆறு மாதமாக அவர் தனியாகவே தேடிக்கொண்டிருக்கிறார்."

அரசன் அரியணைக் கைப்பிடியைத் தடவினான். "அந்தப் பெயரைக் கேட்டால் என்னால் தாங்க முடியாது என்றுதான் தடுத்தேன்" என்றான். சபையில் அவன் தாழ்ந்த குரலில் பேசியது அன்றுதான்.

அன்றே ஆணை நீங்கியது. இனி எந்த நோயாளிக்கும் ஒரு நாழிகை காது கொடுத்த பிறகே சிவந்தியப்பர் மருந்து சொல்லவேண்டும். கேட்டார் என்று உடையாள் சான்று சொன்னால்தான் கல்வத்தில் குழவி சுழலும் என்றும் அரசன் விதித்தான். உடையாளின் காய்த்த கையில் தன் கணையாழியை அவனே அணிவிக்கப் பார்த்தான். அது விரலில் ஏறாமல் நின்றதால், கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

மாலையில் நடைவண்டியைத் தானே தூக்கிக்கொண்டு அரசியின் அறைக்குப் போனான் மாறவரம்பன். சுவரைப் பார்த்திருந்தவளின் அருகே அமர்ந்து, "தேமொழிக்கு இதன் இடது சக்கரத்தைத்தான் கடிக்கப் பிடிக்கும், இல்லையா?" என்றான்.

அரசி திரும்பினாள். ஆறு மாதத்துக்குப் பின் வாய்விட்டு அழுதாள், அவனும் அழுதான்.

இருட்டியதும் உடையாள் தட்டோடு வந்தாள். "பாதி போதும்" என்றாள் அரசி. மீதிப் பாதிக்குப் பதிலாக அரசன் எழுந்து போகாமல் அவள் அருகிலேயே உட்கார்ந்திருந்தான்.